ராணியின் முழங்கால்

சென்னை விமான நிலையத்தில் யோகராஜின் முழங்காலுக்குத் தனி வண்டி வந்தது. ராணியின் முழங்காலுக்குப் பைகள்தான் வந்தன.

அறுவை முடிந்து ஊர் திரும்பும் அவனைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, நாற்காலியோடு ஒரு லிஃப்ட் வண்டியில் ஏற்றி, விமானத்தின் வாசலுக்கே கொண்டுபோனார்கள். வண்டியில் வேறு நோயாளிகளும் இருந்ததால், கூட வந்தவர்கள் படியில் ஏறி வரட்டும் என்று சொல்லிவிட்டார்கள். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை, கக்கத்தில் ஊன்றுகோல்கள். ஒவ்வொரு படிக்கும் அவள் முழங்கால், மணலை மென்ற மாதிரி நறநறத்தது. மேலே போய்ச் சேர்ந்தபோது ஒரு பெண் குனிந்து யோகராஜின் காலுக்கடியில் தலையணை வைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் லிஃப்டுல வந்தேன் புள்ள" என்றான் அவன், ராட்டினம் சுற்றி இறங்கியவன் முகத்தோடு.

ராணி பைகளை மேலே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். வயிற்றில் இருந்த எரிச்சல் அன்றைக்கு வந்ததல்ல. அதற்குப் பொறாமை என்று பெயர் என்பது அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது. அதுவும் யார்மேல்? பக்கத்து வீட்டுக்காரியின் சங்கிலிமேல் பொறாமைப்பட்டால் அர்த்தம் உண்டு. கட்டிய புருஷனின் முட்டிமேல் பொறாமைப்படுகிறவளை ஊர் என்ன சொல்லும்?

ராணி பிறந்தது போர்ட் பிளேருக்கு வெகு தெற்கே உள்ள கச்சால் தீவில். இலங்கையின் தேயிலை மலைகளிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களை அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். அவளுடைய அப்பா அம்மா அந்தக் கூட்டத்தில் வந்தவர்கள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு அவளும் பால் வெட்டப் போனாள். விடியுமுன் சரிவில் ஏறி, மரத்துக்கு மரம் குந்தி எழுந்து வெட்டும் வேலை. யோகராஜும் அதே தோட்டத்துப் பையன்தான். தீவுகளுக்கிடையே ஓடும் அரசுப் படகில் அவனுக்கு வேலை கிடைத்ததும் கல்யாணம், கல்யாணம் ஆனதும் போர்ட் பிளேர். ஜங்லிகாட்டில், ரோட்டிலிருந்து செங்குத்தாகப் படி இறங்கிப் போக வேண்டிய ஒரு வீடு. மகள் அகிலா பிறந்த பிறகு ராணி டீக்கடைகளுக்கு இடியாப்பம் போட ஆரம்பித்தாள். குந்தி உட்கார்ந்து பிழிய வேண்டும், வெந்ததைத் தூக்கிக்கொண்டு படி ஏற வேண்டும், வெறும் பாத்திரத்தோடு இறங்க வேண்டும்.

முழங்கால் வலி எப்போது வந்தது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. வாடகைக்கு வந்தவன் சொந்தக்காரன் ஆன மாதிரி அது உள்ளே குடியேறிவிட்டது. யோகராஜிடம் சொன்னால் தைலம் போடு என்பான். மாமியார் சொர்ணம்மாவிடம் சொன்னால், தான் கொழுந்து எடுத்த காலத்தில் முட்டி என்று ஒன்று இருப்பதே தெரியாது என்பாள். கழிப்பறையில் குந்தினால் எழுந்திருக்கக் குழாயைப் பிடித்துத் தொங்க வேண்டியிருந்தது. குழாய் ஒருமுறை கையோடு வந்தது. யோகராஜ் குழாயைச் சரிசெய்தான்.

அடைமழைக் காலத்தில் ஒருநாள், படகிலிருந்து கயிற்றோடு படகுத்துறை ஜெட்டிக்குத் தாவும்போது அலை தூக்கிப்போட்டு அவன் கால் முறுக்கிக்கொண்டது. வீக்கம் வற்றியும் வலி போகவில்லை. முட்டி பாதியில் பூட்டிக்கொண்டது. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, மெயின்லேண்டுக்கு, சென்னைக்குத்தான் போக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அரசாங்க வேலை என்பதால் போக வர விமானம், கூட ஒரு ஆள். அகிலாவுக்குப் பரீட்சை. அது முடியும்வரை டாலிகஞ்சில் தன் அத்தை வீட்டிலேயே இருக்கட்டும் என்று அவளை விட்டுவிட்டு, கூடப்போகும் ஆளாக ராணி போனாள்.

அறுவைக்குப் பிறகு மருத்துவர் விளக்கிச் சொன்னது அவளிடம்தான். யோகராஜ் மயக்கம் தெளியாமல் கிடந்தான். எலும்பு முனைகளை இளநீர் வழுக்கை மாதிரி ஒரு குருத்தெலும்பு மூடியிருக்கும். அது இருப்பதால்தான் எலும்பு எலும்போடு உரசுவதில்லை. அவனுக்கு அதில் ஒரு நாணய அளவுக்குப் பிய்ந்துபோயிருந்தது. பிய்ந்த ஓரங்களைச் சுத்தம் செய்து, அடியில் இருந்த எலும்பில் ஊசிமுனையால் சின்னச் சின்னத் துளைகள் போட்டிருக்கிறார்கள். எலும்புக்குள்ளிருந்து கசியும் ரத்தம் அந்த இடத்தில் உறைந்து, மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் புது மூடியாக மாறும். இப்போது அது கஞ்சி ஆடை போல. பாரம் பட்டால் வழித்துக்கொண்டு போய்விடும். ஆறு வாரம் அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது. ஆனால் பாரமில்லாமல் தினமும் மடக்கி நீட்ட வேண்டும்.

ராணி ஒன்றையும் மறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் காலை மடக்கி நீட்டவைத்தாள், ஐஸ் வைத்தாள், கெண்டைக்கால் வீங்குகிறதா என்று இரண்டு வேளையும் தொட்டுப் பார்த்தாள், அவன் மறந்து காலை ஊன்றப்போனால் அதட்டினாள். செய்வதில் குறை வைக்கவில்லை. குறை எல்லாம் மனசில் இருந்தது.

வந்த மறுநாளே யோகராஜின் சிநேகிதர்கள் அபர்டீன் பஜாரிலிருந்து நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை வாங்கி வந்து கழிப்பறையில் வைத்தார்கள். ஒரே நாளில். ராணி அதைக் கதவோரம் நின்று பார்த்தாள். எத்தனை வருஷமாய்க் குழாயைப் பிடித்துத் தொங்குகிறோம், இப்படி ஒரு நாற்காலி கடையில் விற்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லையே என்று பார்த்தாள். தனக்கே தோன்றவில்லை என்பதுதான் கூடுதலாக எரிந்தது.

பிறகு பார்க்க வருகிறவர்கள் தொடங்கினார்கள். படகுக்காரர்கள், கச்சாலிலிருந்து வந்தவர்கள், தெலுங்குக்காரர்கள், பெங்காலிக்காரர்கள். ஆப்பிள் வந்தது, ஹார்லிக்ஸ் வந்தது. தலைச்சன் பிள்ளையைக் காட்டுகிற மாதிரி யோகராஜ் லுங்கியை ஒதுக்கி முட்டியைக் காட்டினான். துளை போட்ட கதையை ஒரு தடவை ஹிந்தியில், ஒரு தடவை தமிழில் சொன்னான். ஒவ்வொரு தடவையும் துளைகள் பெருகின. வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டு, குனிந்து வைத்து, குனிந்து எடுத்தவள் ராணி.

மேல்படி வீட்டு ஒச்சம்மா வந்த அன்று, அவனுடைய தழும்பைத் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"புது எலும்பே வளருதாமே" என்றாள்.

"குருத்தெலும்புக்கா" என்றாள் ராணி. "எலும்பு முந்தியே இருக்கு."

"உனக்கென்ன புள்ள, ஆராமா, சொகமா புருஷன வீட்டுலயே வச்சிருக்க."

டம்ளர்களை எடுத்துக்கொண்டு ராணி சுவரைப் பிடித்து எழுந்தாள். முழங்கால் 'டக்' என்று சொடுக்கியது. அறை முழுக்கக் கேட்டது.

"பல்லி சொல்லுது" என்றாள் ஒச்சம்மா. "சீக்கிரம் நடந்துருவீங்க தம்பி." சொர்ணம்மா தரையைத் தட்டி ஆமோதித்தாள். ராணி டம்ளர்களைக் கொண்டுபோய்க் கழுவினாள்.

ஒரு மத்தியானம் யோகராஜ் குளிக்கப் போனபோது அவனுடைய இரும்புக் கீல் வைத்த முட்டிப் பட்டை கட்டில்மேல் கிடந்தது. ராணி கதவை ஒருக்களித்துவிட்டு அதைத் தன் காலில் மாட்டினாள். பட்டைகளை இழுத்துக் கட்டிக் கட்டிலில் சாய்ந்து காலை நீட்டினாள். யாரோ இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. அப்படியே கண் அயர்ந்துவிட்டாள்.

கண் திறந்தபோது ஊன்றுகோல்களோடு அவன் வாசலில் நின்றிருந்தான். சிரித்தான். "அம்மா, இங்க வந்து பாருங்க, ராணிக்கும் ஆபரேஷன் ஆயிருச்சு" என்று கூப்பிட்டான். சொர்ணம்மா வந்து பார்த்துவிட்டு, புருஷன் சாமானை மாட்டிக்கொண்டால் பீடை புருஷனுக்குத்தான் என்று சொல்லி, பட்டையைத் தட்டி உதறிக் கொடுத்தாள். ராணி ஒரு வாரம் அவனிடம் வேலைக்கு வேண்டிய வார்த்தையைத் தவிர வேறு பேசவில்லை. அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவனுக்குப் பேச ஆள் நிறைய இருந்தது.

பங்குனி உத்திரம் நெருங்கியது. தீவுத் தமிழர்களுக்கு அது பெரிய நாள். பால்குடமும் காவடியுமாக ஊர்வலம் பஜார் வழியாகப் போய், குன்றின்மேல் இருக்கும் முருகன் கோயிலில் ஏறும். யோகராஜ் வருஷா வருஷம் காவடி எடுப்பவன். இந்த வருஷம் காலை ஊன்றவே கூடாது. சொர்ணம்மா வழி கண்டுபிடித்தாள். வீடு நிறைய ஆள் இருந்த ஒரு சாயங்காலம், மகனின் முட்டி நல்லபடி ஆக மருமகள் அவனுக்குப் பதிலாகக் காவடி எடுப்பாள் என்று சொல்லி, மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்துவிட்டாள். ராணியிடம் அவள் கேட்கவில்லை.

ராணி மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. அந்த நிமிஷத்தில் அறையில் இருந்த எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள், யோகராஜின் காலிலிருந்து முதல்முறையாகக் கண்ணை எடுத்து. காவடியோடு நடந்தால் பஜாரே பார்க்கும், காலில் தண்ணீர் ஊற்றுவார்கள். ஒருநாள், ஒரே ஒருநாள், தன் காலுக்கு ஊர் தண்ணீர் ஊற்றட்டும் என்று அவளுக்கு ஆசை வந்தது. மாலை போட்டு விரதம் ஆரம்பித்தாள்.

இடையில் யோகராஜுக்கு ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டிய நாள் வந்தது. மருத்துவர் அவன் காலைப் பார்த்து, நன்றாக ஆறுகிறது, இன்னும் ஒரு வாரம் ஊன்றாமல் இருக்கட்டும் என்றார். கிளம்பும்போது ராணி எழுந்தாள். பல்லி சொல்லியது.

மருத்துவர் நிமிர்ந்தார். அது யாருடையது என்று ஹிந்தியில் கேட்டார்.

கட்டிலில் ஏறிப் படுக்கச் சொன்னார். முட்டிச் சில்லின்மேல் உள்ளங்கையை வைத்து மடக்கி நீட்டிப் பார்த்தார். படம் எடுத்து வரச் சொன்னார். ராணி படத்தைக் கையில் வாங்கிக்கொண்டு வந்தபோது, யோகராஜுக்குக் காட்ட வேண்டிய சான்றிதழ் மாதிரி அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். அவளுக்கும் ஒரு நாணய அளவு பிய்ந்திருக்கும், துளை போட வேண்டும் என்பார்கள், லிஃப்ட் வண்டி வரும். மனசுக்குள் அவள் அவ்வளவு தூரம் போய்விட்டிருந்தாள்.

அறுவை தேவையில்லை என்றார் மருத்துவர். சில்லின் பின்புறத்துக் குருத்தெலும்பு மெலிந்து சொரசொரப்பாகிவிட்டது. ஒரே இடத்தில் பிய்ந்திருந்தால் துளை போட்டுச் சரிசெய்யப் பார்க்கலாம். பரவலாகத் தேய்ந்ததற்கு அது உதவாது. தொடைத் தசையை வலுவாக்கப் பயிற்சி. குந்தவே கூடாது. பாரத்தோடு படி ஏறக் கூடாது. சமையலும் இடியாப்பமும் நின்றுகொண்டுதான். இப்போதே கவனித்தால் பல வருஷம் ஓடும். கவனிக்காவிட்டால் முட்டியையே மாற்ற வேண்டிவரும்.

"ஆபரேஷன் கிடையவே கிடையாதா டாக்டர்?" என்று கேட்டாள். குரல் அவளுக்கே அற்பமாகக் கேட்டது. அவர் சிரித்து, சந்தோஷப்படுங்கள் என்றார்.

சந்தோஷம் வரவில்லை. கத்தி படாத வலிக்கு ஆப்பிள் யார் கொண்டுவருவார்கள்? ஆட்டோவில் வரும்போது, காவடி எடுக்கப்போவதை டாக்டரிடம் சொல்லியிருக்கலாமே என்று யோகராஜ் மெதுவாகக் கேட்டான். பிறகு அவனே, ஒருநாள்தானே, சாமி பார்த்துக்கொள்ளும் என்றான். ஆட்டோ ஜங்லிகாட் இறக்கத்தில் திரும்பும்வரை அவன் அதை இரண்டு மூன்று தடவை சொன்னான்; தனக்கே சொல்லிக்கொள்கிறவன் மாதிரி.

உத்திரத்தன்று காலை, ஊர்வலம் புறப்படும் பிள்ளையார் கோயில் வாசலில் மேளம் காதை அடைத்தது. யோகராஜ் ஓரமாக ஆட்டோவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். ராணி மஞ்சள் சேலையில், மயிலிறகு கட்டிய காவடிக்கு முன்னால் வரிசையில் நின்றாள். தோளில் ஏற்றுமுன் பூசாரி முருகையா ஒவ்வொருவரிடமும் யாருக்காக எடுக்கிறார்கள் என்று பேரும் நட்சத்திரமும் கேட்டுச் சங்கல்பம் செய்துவைத்தார். பிறகு மைக்கில் அதைச் சொன்னார்கள்.

ராணியின் முறை வருமுன்பே சொர்ணம்மா முந்திக்கொண்டு மகன் பேரைச் சொல்லிவிட்டாள். மைக்கில் உடனே ஒலித்தது: யோகராஜ் முழங்கால் பூரண குணமடைய, அவர் மனைவி.

அவர் மனைவி. அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் மைக் அடுத்த ஆளுக்குப் போய்விட்டது.

ராணிக்கு அப்போதுதான் விளங்கியது. பஜார் முழுக்கப் பார்க்கும், தண்ணீர் ஊற்றும். எல்லாம் யோகராஜின் முட்டிக்கு. இவள் முட்டி அதைச் சுமந்துபோகும் வண்டி.

"பூசாரி, பேர மாத்துங்க" என்றாள். "ராணி. பூரம். என் முழங்காலுக்கு."

முருகையா திருநீற்றுத் தட்டோடு நின்றுவிட்டார். சொர்ணம்மா ஓடி வந்தாள்.

"என்ன கூத்து புள்ள இது? நேந்துக்கிட்டது அவனுக்கு."

"நேந்துக்கிட்டது நீங்க மாமி. நடக்கப்போறது என் முட்டி."

"சாமி காரியத்துல பொறாம படுவாளா ஒருத்தி?"

"படுறேன்" என்றாள் ராணி. "அவருக்கு நாற்காலி வந்துச்சு, தலகாணி வந்துச்சு, ஊரே வந்துச்சு. என் முட்டி சொடுக்குனா பல்லின்னாங்க. டாக்டர் பாரம் தூக்காதன்னு சொல்லிட்டாரு மாமி. இவருக்கும் தெரியும்."

மேளக்காரர்கள் அடிப்பதை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். பின்வரிசையில் இருந்தவர்கள் நேரமாகிறது என்றார்கள். முருகையா, நேர்ந்தது யாருக்கோ அவர் பேரில்தான் செய்ய முடியும், அதை நடுவில் மாற்றினால் தெய்வக் குற்றம் என்று சொல்லி, ஆட்டோவில் இருந்தவனைப் பார்த்தார். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். இத்தனை நாளும் யாராவது பார்த்தால் முகம் மலர்ந்தவன், இப்போது லுங்கியை இழுத்துக் காலை மூடினான்.

அவன் நினைத்திருந்தால், வீட்டில் பேசிக்கொள்ளலாம், இப்போது எடு என்று சொல்லியிருக்கலாம். ராணி அதைத்தான் எதிர்பார்த்தாள். அப்படிச் சொல்லியிருந்தால் அவள் எடுத்திருப்பாள், அதற்குப் பிறகு அந்த வீட்டில் வாயே திறந்திருக்க மாட்டாள்.

"அம்மா, என் நேர்த்திய நானே அடுத்த வருஷம் எடுத்துக்குறேன்" என்றான் யோகராஜ். "முருகன் எங்கயும் கப்பலேறிப் போயிர மாட்டாரு. டாக்டர் சொன்னது நெசந்தான். நானும் கேட்டேன். கேட்டுட்டுத்தான் கம்முனு இருந்தேன்."

சொர்ணம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஊர் சிரிக்கும் என்று அழுதாள். ஊர் சிரிக்கவும் செய்தது, பக்கத்தில் நின்ற இரண்டு மூன்று பேர். முருகையா பழுத்த ஆள். அடுத்த வருஷம் என்று சொல்லிவிட்டால் குற்றமில்லை என்று தட்டிலிருந்த திருநீற்றை யோகராஜுக்கு ஆட்டோவிலேயே பூசினார். பிறகு ஒரு சின்னப் பால்சொம்பை எடுத்து ராணியின் கையில் கொடுத்து, அவள் பேரையும் பூரத்தையும் சொல்லி, நடக்க முடியாதவர்கள் வண்டியில் போய்க் குன்றடியில் கொடுத்தாலும் முருகன் வாங்கிக்கொள்வார் என்றார். மைக்கில் யாரும் எதுவும் சொல்லவில்லை.

ராணி ஆட்டோவில் ஏறினாள். யோகராஜின் நீட்டிய கால் இடத்தை அடைத்திருந்தது. "நகத்துங்க" என்றாள். அவன் இரண்டு கையாலும் காலைத் தூக்கி நகர்த்திக்கொண்டான். பஜாரில் காவடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் அதைப் பார்த்துக்கொண்டே போனாள். பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் சொம்பில் இருந்த பால் தளும்பாமல் பிடித்திருந்தாள்.

அடுத்த வாரம் வீட்டில் மேஜை உயரத்துக்கு ஒரு மேடை வந்தது. ராணி நின்றுகொண்டு இடியாப்பம் பிழிந்தாள். கழிப்பறை நாற்காலி இனி எடுக்கப்படாது என்று முடிவானது. டீக்கடைக்காரர்கள் படி இறங்கி வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று அவள் சொல்லி அனுப்ப, அவர்களும் முணுமுணுத்துக்கொண்டு வந்தார்கள். சொர்ணம்மா இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரு சாயங்காலம் ஒச்சம்மா பப்பாளியோடு வந்தாள். கூடவே தெருவிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள். கோயில் வாசலில் நடந்தது படி படியாக ஏறித் தெரு முழுக்கப் போயிருந்தது. கட்டிலில் இருந்த யோகராஜ் வழக்கம்போல லுங்கியை ஒதுக்கினான்.

"இருக்கட்டும் தம்பி" என்றாள் ஒச்சம்மா. "ராணி எங்க? எனக்கும் அதே மாதிரிதான் சொடுக்குது. அதுக்கு என்னமோ பயிற்சி இருக்காமே."

மூன்று பேரும் அவனைத் தாண்டி உள்ளே போனார்கள். உள்ளே ராணி பாயில் படுத்து, காலை நேராகத் தூக்கிக் காட்டுவதும், மற்றவர்கள் முனகுவதும், சிரிப்பும் கேட்டன. அங்கே டீ போட யாரும் எழுந்திருக்கவில்லை.

யோகராஜ் ஒதுக்கிய லுங்கியைத் திரும்ப இழுத்துவிட்டுக்கொண்டான்.

"எனக்குந்தான் வலிக்குது" என்றான், உள்ளே கேட்கும்படி.

"தைலம் போடுங்க" என்றாள் ராணி.